முழங்கால் சில்லு முறிவு: கம்பியா, திருகாணியா, தகடா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முழங்கால் சில்லு உடைந்து அறுவைக்குத் தேதி குறித்துக்கொண்டு வருபவர்களுக்குப் பெரும்பாலும் ஒரே ஒரு செய்திதான் தெரிந்திருக்கிறது: “கம்பி போடப் போகிறார்கள்” அல்லது “பிளேட் வைக்கப் போகிறார்கள்”. ஒருவருக்குக் கம்பியும் இன்னொருவருக்குத் தகடும் ஏன், எது எங்கே தோற்கும், எதை வைத்து முடிவெடுக்கிறார்கள் என்பது பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். உங்கள் எக்ஸ்ரேயைக் கையில் வைத்துக்கொண்டு மருத்துவர் சொல்வதற்கு இது மாற்று ஆகாது. அவரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொள்ள உதவும்.

அந்தச் சிறிய எலும்புக்கு அப்படி என்ன வேலை?

தொடையின் முன்பக்கத் தசை சுருங்கினால்தான் மடங்கிய முழங்கால் நிமிரும். அந்தத் தசையின் நாண் சில்லைத் தன்னுள் பொதிந்துகொண்டு கீழே இறங்கி, முழங்காலுக்குக் கீழுள்ள முன்கால் எலும்பின் (டிபியா) மேல்முனையில் பற்றுகிறது. தசைநாணுக்குள் பொதிந்த எலும்புகளில் உடலிலேயே மிகப் பெரியது சில்லுதான். நாணை மூட்டின் அச்சிலிருந்து முன்னால் தள்ளிப் பிடித்து, கப்பியைப்போல, தசையின் இழுப்புக்கு வலுச் சேர்க்கிறது. காலை முழுதாக நீட்டும் கடைசிக் கட்டத்தில் இந்த உதவி ஏறத்தாழ 30 விழுக்காடு வரை இருக்கும்.

இதை மருத்துவ உலகம் எளிதில் ஒப்புக்கொள்ளவில்லை என்பது வேடிக்கையான வரலாறு. 1937இல் இங்கிலாந்தின் அறுவை மருத்துவர் ரால்ஃப் புரூக், சில்லு பெரிதாக ஒன்றும் செய்வதில்லை, உடைந்தால் எடுத்தெறிந்துவிடலாம் என்று வாதிட்டார். அதை நம்பிப் பலருக்குச் சில்லு முழுதாக அகற்றப்பட்டது. 1971இல் எலும்பு மருத்துவர் ஹெர்பர்ட் காஃபர், சில்லு தரும் வலுவை அளந்து வெளியிட்ட பிறகுதான் அந்த எண்ணம் ஆட்டம் கண்டது. இன்று முடிந்தவரை எலும்பைக் காப்பாற்றுவதே விதி.

சில்லின் பின்பக்கத்தில் படர்ந்திருக்கும் குருத்தெலும்பு உடலிலேயே தடிமனானது. படியேறும்போது அதன்மேல் உடல் எடையைப்போல மூன்று மடங்குக்கும் மேலான அழுத்தம் விழுகிறது. ஆழமாகக் குந்தி எழும்போது அது இன்னும் கூடும். ஒட்டவைத்த எலும்பு எத்தகைய சுமையைத் தாங்க வேண்டியிருக்கிறது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

உடைந்தால் கட்டாயம் அறுவைதானா?

இல்லை. எலும்பு முறிவுகள் அனைத்திலும் சில்லு முறிவின் பங்கு நூற்றுக்கு ஒன்று அளவில்தான். அதிலும் கணிசமானவை அறுவையின்றியே கூடிவிடுகின்றன. மருத்துவர் இரண்டு விஷயங்களைப் பார்க்கிறார்.

முதலாவது, படுத்த நிலையில் முழங்காலை நீட்டியபடியே காலைத் தூக்க முடிகிறதா? முடிந்தால், எலும்பு விரிசல் விட்டிருந்தாலும் பக்கவாட்டுத் திசுக்கள் கிழியவில்லை, காலை நீட்டும் அமைப்பு தப்பித்திருக்கிறது என்று பொருள். வலியும் மூட்டுக்குள் தேங்கிய இரத்தமும் நோயாளியைத் தூக்கவிடாமல் தடுப்பது உண்டு. அப்போது இரத்தத்தை ஊசியால் உறிஞ்சி மரத்துப்போகும் மருந்தைச் செலுத்தி மறுபடி தூக்கச் சொல்வார்கள். வலியால் தூக்க முடியாதவருக்கும் அமைப்பே அறுந்து தூக்க முடியாதவருக்கும் சிகிச்சை வேறு.

இரண்டாவது, துண்டுகள் எவ்வளவு விலகியிருக்கின்றன? பொதுவாக 3 மி.மீ.க்கு மேல் இடைவெளி இருந்தாலோ, மூட்டுப்பரப்பில் 2 மி.மீ.க்கு மேல் படிபோல ஏற்றத்தாழ்வு இருந்தாலோ அறுவை பேசப்படும். இவை கல்லில் பொறித்த எண்கள் அல்ல. நடமாட்டமே குறைந்த முதியவருக்கு 3 மி.மீ. இடைவெளியைப் பொறுத்துக்கொள்ளலாம், இளம் விளையாட்டு வீரருக்கு முடியாது.

விலகாத முறிவுக்கு மாவுக்கட்டோ பிரேஸோ (காலை அசையாமல் பிடிக்கும், கழற்றி மாட்டக்கூடிய தாங்கி) போட்டு, காலை நீட்டிய நிலையில் 4 முதல் 6 வாரம் வைத்திருப்பார்கள். நெடுக்காகப் பிளந்த முறிவுகள் பெரும்பாலும் இந்த வகையில் சேரும், ஏனென்றால் தசையின் இழுப்பு அவற்றைப் பிரிப்பதில்லை. தோல் கிழிந்து மூட்டு வெளியே திறந்திருந்தால் கதை வேறு. அது அவசரம். ஆன்டிபயாடிக் உடனே தொடங்கப்பட்டு, மூட்டைக் கழுவும் அறுவை விரைவில் நடக்க வேண்டும்.

எக்ஸ்ரேயில் இரண்டு துண்டு தெரிகிறது, ஆனால் முறிவில்லை என்கிறார்களே?

நூற்றில் ஓரிருவருக்குச் சில்லு பிறவியிலேயே இரண்டாக இருக்கும். வெளிப்புற மேல்மூலையில் ஒரு சிறு துண்டு, வழவழப்பான விளிம்போடு. விபத்துக்குப் பிறகு முதல்முறை எக்ஸ்ரே எடுக்கும்போது இது முறிவாகத் தோன்றும். மற்ற முழங்காலையும் படமெடுத்தால் பல நேரம் ஐயம் தீரும்.

எக்ஸ்ரே இருக்கும்போது சி.டி. ஸ்கேன் எதற்கு?

பக்கவாட்டு எக்ஸ்ரேயில் நேர்க்கோடாகத் தெரியும் முறிவு, சி.டி.யில் பார்த்தால் கீழ்முனையில் நான்கைந்து துண்டுகளாக நொறுங்கியிருக்கலாம். எந்தப் பொருத்தும் முறை என்பதை முடிவு செய்வது அந்த நொறுங்கல்தான். எளிய குறுக்கு முறிவு என்று நினைத்துக் கம்பிக்குத் தயாராகிப்போன அறுவையில், மேசையில் வைத்துத் திட்டத்தை மாற்றுவது யாருக்கும் நல்லதல்ல. தேவையில்லாத பரிசோதனைகளை விரும்பாதவன் நான். ஆனால் அறுவை உறுதி, முறிவு எளியதா என்பதில் ஐயம் என்றால் சி.டி.க்கு நான் எதிர்ப்புச் சொல்ல மாட்டேன்.

டென்ஷன் பேண்ட் வயரிங் என்பது என்ன?

மருத்துவமனைகளில் “கம்பி போடுவது” என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான். சில்லு குறுக்காக இரண்டாக உடைந்திருந்தால், 1.6 முதல் 2 மி.மீ. தடிமனுள்ள இரண்டு நேரான எஃகுக் கம்பிகளை (கே-வயர்) மேலிருந்து கீழாக இணையாகச் செலுத்துவார்கள். பிறகு வளையக்கூடிய மெல்லிய எஃகுக் கம்பியை அவற்றின் நான்கு முனைகளையும் சுற்றி, சில்லின் முன்பக்கத்தில் எட்டு வடிவில் கட்டி முறுக்குவார்கள்.

பொறியியலில் இருந்து இந்த யோசனையை எலும்புக்குக் கொண்டுவந்தவர் ஜெர்மானியரான ஃபிரீட்ரிஷ் பவெல்ஸ். 1958இல் சுவிட்சர்லாந்தில் உருவான, எலும்பு முறிவு அறுவை மருத்துவர்களின் ஏ.ஓ. குழு அதைச் செம்மைப்படுத்தி உலகமெங்கும் பரப்பியது. கருத்து இதுதான்: முழங்கால் மடங்கும்போது சில்லின் முன்பக்கம் பிளக்கப் பார்க்கும். அங்கே ஒரு கம்பி இழுத்துப் பிடித்தால், பிளக்கும் விசை பின்பக்க மூட்டுப்பரப்பில் துண்டுகளை நெருக்கும் விசையாக மாறும். அதாவது காலை மடக்கினால் முறிவு இறுகும்.

பாடநூல்களில் இது அழகாக இருக்கிறது. அண்மைக்கால ஆய்வுக்கூடச் சோதனைகள் சில, மடக்கும்போது மூட்டுப்பரப்பில் அப்படி நெருக்கம் உண்டாவதில்லை, சில நிலைகளில் இடைவெளி விழவே செய்கிறது என்று காட்டியிருக்கின்றன. ஆனாலும் இந்த முறை பல பத்தாண்டுகளாகப் பெரும்பாலானவர்களுக்கு எலும்பைக் கூடவைத்திருக்கிறது. விளக்கம் முழுதும் சரியாக இல்லாமலேயே வேலை செய்யும் முறைகள் மருத்துவத்தில் புதிதல்ல.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. பின்பக்க எலும்பு உறுதியாக, ஒன்றன்மேல் ஒன்று முட்டுக்கொடுத்து நிற்கக்கூடியதாக இருக்க வேண்டும். அது நொறுங்கியிருந்தால் கம்பியை முறுக்க முறுக்க எலும்பு உள்ளே அமுங்கிவிடும். நொறுங்கிய சில்லுக்கு வெறும் டென்ஷன் பேண்ட் போட்டுத் தோற்பவை, முறையின் குற்றமென்று எழுதப்படுவதில் எனக்கு உடன்பாடில்லை. அது தேர்வின் குற்றம்.

கைவேலையின் நுணுக்கமும் முக்கியம். கம்பி எலும்பின் முனைகளை ஒட்டி, தசைநாணுக்கு அடியில் செல்ல வேண்டும். இடையில் மென்திசு சிக்கினால், நடக்கத் தொடங்கியதும் கம்பி அந்தத் திசுவை அறுத்துக்கொண்டு தளர்ந்துவிடும். ஒரே பக்கம் முறுக்காமல் இரண்டு இடங்களில் முறுக்கினால் இறுக்கம் இருபுறமும் சமமாக வரும். கே-வயரின் மேல்முனையை வளைத்து எலும்புக்குள் அடித்துப் பதிக்காவிட்டால், அது மெல்ல நகர்ந்து தோலைக் குத்த வரும்.

கம்பி குத்துகிறது, வலிக்கிறது என்று பலர் சொல்கிறார்களே, உண்மையா?

உண்மை. டென்ஷன் பேண்டின் பெரிய பலவீனமே இதுதான். சில்லுக்கும் தோலுக்கும் இடையே கொழுப்பு மிகக் குறைவு. முறுக்கிய முடிச்சும் கம்பியின் முனைகளும் மண்டியிடும்போது நேரடியாக உறுத்தும். 2012இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், சில்லைப் பொருத்திய நோயாளிகளில் பாதிக்கும் சற்று மேற்பட்டவர்களுக்குப் பிறகு உலோகத்தை அகற்ற வேண்டியிருந்தது. எல்லா மருத்துவமனைகளிலும் இவ்வளவு இருக்காது. ஆனால் அறுவைக்கு முன்பே “இன்னொரு சிறு அறுவை வேண்டியிருக்கலாம்” என்று நோயாளியிடம் சொல்லாமல் விடுவது நியாயமில்லை.

துளையுள்ள திருகாணி எப்படி வேறுபடுகிறது?

இங்கே கே-வயருக்குப் பதிலாக, நடுவில் நீளத்துளை உள்ள இரண்டு திருகாணிகள் (சுமார் 4 மி.மீ. தடிமன்) செல்கின்றன. அந்தத் துளை வழியே கம்பியை நுழைத்து முன்பக்கம் எட்டு வடிவில் கட்டுவார்கள். திருகாணி தானே இரு துண்டுகளையும் நெருக்கி இறுக்குகிறது, கம்பி மேலிருந்து காவல் நிற்கிறது. 1997இல் வெளியான இயக்கவியல் ஒப்பீடு ஒன்றில், திருகாணி மட்டும், டென்ஷன் பேண்ட் மட்டும் என்பவற்றைவிட இரண்டும் சேர்ந்த இந்த அமைப்பே அதிக விசையைத் தாங்கியது.

ஆய்வுக்கூடத்தில் வலுவாக இருப்பது நோயாளியின் காலிலும் அப்படியே வெல்லும் என்று நினைத்துவிடக் கூடாது. 2013இல் 400க்கும் மேற்பட்ட நோயாளிகளை வைத்து அமெரிக்காவில் இரண்டு முறைகளையும் ஒப்பிட்டார்கள். உலோகத்தை எடுக்க வேண்டிவந்தது கே-வயர் போட்டவர்களில் 37 விழுக்காடு, திருகாணி போட்டவர்களில் 23 விழுக்காடு. இங்கே திருகாணிக்குத் தெளிவான வெற்றி. ஆனால் பொருத்தம் குலைந்துபோவதில் திருகாணி எந்த மேன்மையையும் காட்டவில்லை. ஆக, திருகாணியின் உண்மையான லாபம் உறுத்தல் குறைவதில் இருக்கிறது. வலுவில் பெரிய வித்தியாசம் எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

எலும்பு நல்ல திடமாக, துண்டுகள் பெரியனவாக, முறிவு குறுக்காக இருந்தால் இது எனக்குப் பிடித்த முறை. எலும்புத்தேய்வு உள்ள முதியவர்களின் மென்மையான எலும்பில் திருகாணியின் மரைகள் பிடிக்காது. திருகாணி சற்றே நீண்டு முனை எலும்புக்கு வெளியே துருத்தினால், அதன் கூர்விளிம்பில் உரசி உரசிக் கம்பி அறுந்துபோகும். அதனால் எலும்பைவிடச் சற்றுக் குட்டையான திருகாணியைத் தேர்ந்தெடுப்பார்கள்.

உலோகமே இல்லாமல் நூலால் கட்டலாமா?

கட்டலாம், பலர் கட்டுகிறார்கள். பாலியெஸ்டராலும் பாலிஎத்திலீனாலும் பின்னப்பட்ட, கரையாத, மிகவும் வலுவான தையல் நூல்கள் இப்போது இருக்கின்றன. எட்டு வடிவக் கம்பிக்குப் பதிலாக இந்த நூலைப் பயன்படுத்தினால் உறுத்தும் முடிச்சு இல்லை, மறு அறுவை குறைகிறது, ஆய்வுக்கூடத்தில் தாங்கும் வலுவும் எஃகுக் கம்பிக்கு நெருக்கமாகவே வருகிறது. திருகாணியும் நூலும் சேர்ந்த கலவையும் உண்டு. நூலின் சிக்கல், முடிச்சு நழுவுவதும் முதல் இறுக்கம் மெல்லத் தளர்வதும். குழந்தைகளுக்கும், சிறிய துண்டுகளுக்கும் நூல் குறிப்பாகப் பொருத்தமானது.

தகடு எப்போது? அதுதான் புதியது, ஆகவே சிறந்தது என்கிறார்களே?

புதியது என்பதும் சிறந்தது என்பதும் வேறு வேறு. ஆனால் தகட்டைப் பற்றிச் சொல்ல நல்ல விஷயங்கள் நிறைய இருக்கின்றன.

சில்லுக்கான தகடு மெல்லியது. வலைபோலவோ நட்சத்திர வடிவிலோ இருக்கும். தேவைக்கேற்ப வெட்டி வளைத்து, எலும்பின் முன்பக்கத்திலோ வெளிவிளிம்பிலோ படியவைத்து, 2 முதல் 2.7 மி.மீ. அளவுள்ள சிறு திருகாணிகளால் பூட்டுவார்கள். திருகாணியின் தலை தகட்டின் துளையிலேயே மரையிட்டுப் பூட்டிக்கொள்ளும் வகைகளில், எலும்பு மென்மையாக இருந்தாலும் அமைப்பு எளிதில் குலைவதில்லை. டென்ஷன் பேண்ட் இரண்டு பெரிய துண்டுகளைத்தான் எதிர்பார்க்கிறது. தகடோ ஐந்தாறு துண்டுகளை ஒவ்வொன்றாக, பல கோணங்களில் பிடித்துக்கொள்ளும். நொறுங்கிய முறிவில் அது தனித்து நிற்பது இதனால்தான்.

முழங்காலை நூற்றுக்கணக்கான தடவை மடக்கி நீட்டிப் பார்க்கும் ஆய்வுக்கூடச் சோதனைகளில், டென்ஷன் பேண்டைவிடத் தகட்டில் துண்டுகள் விலகுவது குறைவு. உலோகத்தை எடுக்க வேண்டிவரும் தேவையும் குறைவு என்று பல மருத்துவக் குழுக்கள் எழுதியிருக்கின்றன. ஆனால் அந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை சிறியவை, நேருக்கு நேர் ஒப்பிட்டவை குறைவு. தகட்டின் விலையும் அதிகம், பொருத்தும் நேரமும் கூடும். தோலுக்கடியில் அதையும் கையால் தடவினால் தெரியும்.

எளிய குறுக்கு முறிவுக்குத் தகடு வைப்பது எனக்கு ஆடம்பரமாகவே படுகிறது. நொறுங்கிய சில்லுக்கு, அதுவும் மென்மையான எலும்புக்கு, தகட்டை மறுத்துப் பழைய கம்பியையே பிடித்துக்கொண்டிருப்பது அதைவிடப் பெரிய தவறு.

சுற்றுக்கம்பி என்று ஒன்றையும் கேள்விப்பட்டேன்.

சில்லின் விளிம்பை வளையமாகச் சுற்றிக் கட்டுவது. நொறுங்கிய துண்டுகள் சிதறாமல் அணைத்துப் பிடிக்கும், மற்ற முறைகளுக்குத் துணையாகப் போடுவார்கள். தனியாகப் போட்டால் முழங்காலைச் சீக்கிரம் மடக்க அனுமதிக்கும் அளவுக்கு வலு வராது.

கீழ்முனை மட்டும் உடைந்திருந்தால்?

இது தனிப் பிரிவு, அறுவை மருத்துவர்களுக்கே தலைவலி தருவது. கீழ்முனையில் குருத்தெலும்பு இல்லை, ஆகவே மூட்டுப்பரப்பு வழுக்கலாக அமைய வேண்டிய கவலை இல்லை. ஆனால் கீழே இறங்கும் நாண் முழுதும் அந்தச் சிறு துண்டுகளில்தான் தொற்றிக்கொண்டிருக்கிறது. சுண்டுவிரல் நுனியளவு எலும்பில் கே-வயரும் திருகாணியும் நுழைந்தால் அது மேலும் நொறுங்கும்.

அதனால் நாணில் வலுவான நூலைப் பூட்டுத்தையலாகப் போட்டு, சில்லின் நீளவாட்டில் துளைத்த மூன்று குழல்கள் வழியே மேலே இழுத்துக் கட்டுவது வழக்கம். துளைகளுக்குப் பதிலாக எலும்பில் பதியும் நங்கூரத் திருகுகளில் நூலைக் கட்டுவதும் உண்டு. துண்டுகளைக் கூடைபோலத் தாங்கும் தகடும் இருக்கிறது. துண்டுகளைக் காப்பாற்றவே முடியாவிட்டால் அவற்றை எடுத்துவிட்டு, நாணை மீதமுள்ள சில்லோடு நேரடியாகத் தைப்பார்கள். அதில் சில்லு வழக்கத்தைவிடக் கீழே இறங்கி நிற்கும் அபாயம் உண்டு என்பதால், எலும்பு எலும்போடு கூட வாய்ப்பிருக்கும்வரை துண்டை வைத்துக்கொள்வதே மேல்.

அப்படியே நொறுங்கிவிட்டால் சில்லை முழுதாக எடுத்துவிடலாமா?

எடுத்தாலும் நடக்கலாம். ஆனால் காலை நீட்டும் வலு மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிவரை போய்விடும். படி இறங்கும்போது கால் மடிந்துவிடுமோ என்ற பயம் நிலைக்கும். எந்த முறையாலும் ஒட்டவே முடியாத, அல்லது கிருமித்தொற்றால் அழிந்த சில்லுக்கு மட்டுமே இது கடைசி வழி. பெரிய துண்டு ஒன்று நல்ல குருத்தெலும்போடு இருந்தால் அதையாவது விட்டுவைப்பார்கள்.

முன்பு இதற்கெல்லாம் என்ன செய்தார்கள்?

காலை நீட்டிக் கட்டிப்போட்டுப் பல மாதம் படுக்கவைத்தார்கள். எலும்புக்குப் பதில் நார்த்திசு கூடியது, கால் பலவீனமாயிற்று. மூட்டைத் திறந்தால் சீழ்பிடித்து உயிரே போகும் என்ற காலம் அது. 1877இல் லண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையில் ஜோசஃப் லிஸ்டர், கிருமிநாசினி முறையைக் கையாண்டு, உடைந்த சில்லைத் துணிந்து திறந்து வெள்ளிக் கம்பியால் கட்டினார். அன்றைய மருத்துவர்களில் பலருக்கு அது பொறுப்பற்ற செயலாகப் பட்டது.

எத்தனை நாளுக்குள் அறுவை செய்ய வேண்டும்?

திறந்த முறிவு தவிர மற்றவற்றில் சில நாள் பொறுக்கலாம். முதல் இரண்டு வாரத்துக்குள் செய்வது நல்லது. அதற்குப்பின் தசை சுருங்கி மேல்துண்டை இழுத்துக்கொள்ளும், சேர்ப்பது கடினமாகும். முழங்காலில் சிராய்ப்பும் கொப்புளமும் இருந்தால் தோல் தேறும்வரை காத்திருப்பதைத் தாமதம் என்று நினைக்க வேண்டாம்.

அறுவையின்போது என்ன நடக்கும்?

பெரும்பாலும் முதுகில் மரத்துப்போகும் ஊசி போட்டு, முழங்காலின் நடுவே நெடுக்காகக் கீறுவார்கள். உறைந்த இரத்தத்தைக் கழுவிவிட்டு, துண்டுகளை இடுக்கியால் சேர்த்துப் பிடிப்பார்கள். மூட்டுப்பரப்பு சமமாக வந்ததா என்பதைப் பக்கத்துக் கிழிசல் வழியே விரலை விட்டுத் தடவியும், எக்ஸ்ரே கருவியில் பார்த்தும் உறுதி செய்வார்கள். என்னைக் கேட்டால், மொத்த அறுவையிலும் மிக முக்கியமான கணம் இதுதான். எந்த உலோகம் என்பது இதற்கு அடுத்தது. படியாக நிற்கும் பரப்பை விலையுயர்ந்த தகட்டால் பூட்டினாலும் அது படியாகத்தான் கூடும்.

பிறகு சில்லின் இருபக்கமும் கிழிந்த திசுவைத் தைப்பார்கள். அதை நோயாளிகள் கேட்பதே இல்லை, ஆனால் பொருத்தத்தின் வலுவில் அதற்கும் பங்கு உண்டு. தோலைத் தைக்கும் முன் முழங்காலை மெல்ல மடக்கிப் பார்ப்பார்கள். எத்தனை பாகை வரை துண்டுகள் அசையாமல் நிற்கின்றனவோ, அதுவே வீட்டில் உங்களுக்கு அனுமதிக்கப்படும் அளவுக்கு அடிப்படை.

எப்போது நடக்கலாம், எப்போது மடக்கலாம்?

இந்த இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். காலை நீட்டிய நிலையில் பூட்டிய பிரேஸோடு, வாக்கரோ ஊன்றுகோலோ பிடித்து, அறுவைக்கு ஓரிரு நாளிலேயே கால் ஊன்ற பெரும்பாலானவர்களுக்கு அனுமதி கிடைக்கும். கால் நேராக இருக்கும்போது சில்லின்மீது இழுப்பு குறைவு. ஆபத்து மடக்குவதிலும், மடக்கிய காலைத் தசையால் நிமிர்த்துவதிலும்தான்.

தொடைத்தசையை இறுக்கித் தளர்த்தும் பயிற்சி முதல் நாளிலிருந்தே தொடங்கலாம். மடக்குவது பொருத்தத்தின் உறுதியைப் பொறுத்தது. உறுதியான குறுக்கு முறிவில் இரண்டு வாரத்துக்குள் தொடங்கிப் படிப்படியாக ஏற்றி, ஆறாவது வாரத்தில் 90 பாகையை எட்டப் பார்ப்பார்கள். கீழ்முனையைத் தைத்தவருக்கு இது மெதுவாகவே போகும். எலும்பு கூட 8 முதல் 12 வாரம் ஆகலாம். ஓட்டமும் விளையாட்டும் ஆறு மாதத்தை ஒட்டி யோசிக்க வேண்டியவை.

அதிகம் மடக்கினால் பொருத்தம் குலையும், மடக்காமலே இருந்தால் மூட்டு இறுகும். பக்கத்துப் படுக்கைக்காரர் மூன்றாம் வாரத்தில் எவ்வளவு மடக்கினார் என்பது உங்களுக்கு அளவுகோல் ஆகாது. அவருக்கு இருந்த முறிவு வேறு.

உள்ளே வைத்த உலோகத்தை எடுத்தே ஆக வேண்டுமா?

தொந்தரவு தராவிட்டால் வேண்டாம். உறுத்தினால், எலும்பு முழுதாகக் கூடியதை எக்ஸ்ரேயில் உறுதி செய்துகொண்டு, வழக்கமாக ஓராண்டை ஒட்டி எடுப்பார்கள். கம்பி உடைந்திருப்பது படத்தில் தெரிந்தால் பதற வேண்டியதில்லை. எலும்பு கூடியபின் உடைந்த கம்பி பல நேரம் பேசாமல் கிடக்கும். ஆனால் கூடுவதற்கு முன்பே உடைந்தாலும், துண்டு நகர்ந்து தோலை நோக்கி வந்தாலும் உடனே கவனிக்க வேண்டும். முட்டிவலி அனைத்துக்கும் உலோகமே காரணம் என்று எண்ணி எடுத்துக்கொள்பவர்களில் சிலருக்கு வலி தொடர்கிறது. குருத்தெலும்பில் பட்ட அடி உலோகத்தோடு வெளியே வருவதில்லை.

எம்.ஆர்.ஐ. எடுக்க முடியுமா?

இன்று எலும்பில் பொருத்தும் எஃகும் டைட்டானியமும் பெரும்பாலும் தடையில்லை. எடுப்பவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். எஃகுக்கு அருகில் படம் மங்கும்.

குழந்தைகளுக்கும் இதே முறைகளா?

8 முதல் 12 வயதில் ஒரு விசித்திரமான முறிவு வரும். சில்லின் கீழ்முனையிலிருந்து சிறு எலும்புத்துணுக்கோடு பெரிய குருத்தெலும்பு உறையே உரிந்து வந்துவிடும். எக்ஸ்ரேயில் துணுக்கு மட்டும் தெரிவதால் அற்பமாகத் தோன்றும். குதித்தபின் முட்டி வீங்கி, காலை நீட்ட முடியாத குழந்தையை “சுளுக்கு” என்று விட்டுவிடக் கூடாது. சிகிச்சை பெரும்பாலும் நூலாலும் மெல்லிய கம்பியாலும்.

முழங்கால் பழையபடி ஆகுமா?

எலும்பு பெரும்பாலானவர்களுக்குக் கூடிவிடும். பழையபடி என்பது வேறு விஷயம். மேலே சொன்ன 2012 ஆய்வில் சராசரியாக ஆறு ஆண்டுகளுக்குப் பிறகும் பலருக்கு அடிபட்ட காலின் வலு மற்றக் காலைவிடக் குறைவாகவே இருந்தது. மண்டியிடுவதும் குந்துவதும் நெடுநாள் சிரமம் தரலாம். பின்னாளில் மூட்டுத்தேய்வு வரும் வாய்ப்பும் கூடுகிறது. எந்த முறையில் பொருத்தினாலும் இந்தப் பட்டியல் பெரிதாக மாறுவதில்லை. தொடைத்தசையை மீட்கும் பயிற்சியைச் சில வாரத்தில் கைவிடாமல் மாதக்கணக்கில் தொடர்பவர்களுக்கு முன்னேற்றம் தெளிவாகத் தெரிகிறது.

மருத்துவரிடம் என்ன கேட்பது?

“எது சிறந்த முறை” என்று கேட்டால் பொதுவான பதில்தான் கிடைக்கும். என் சில்லு எத்தனை துண்டு, பின்பக்கப் பரப்பு நொறுங்கியிருக்கிறதா, கீழ்முனை எப்படி என்று கேளுங்கள். எந்த முறையை நீங்கள் வழக்கமாகச் செய்கிறீர்கள் என்றும் கேளுங்கள். ஆயிரம் தடவை கம்பி கட்டிய கை, முதல் தடவையாகத் தகடு வைக்கும் கையைவிட உங்களுக்குப் பயன்படலாம். உலோகத்தை எடுக்க வேண்டிவருமா, மடக்குவதற்கு எத்தனை வாரத் தடை என்பவற்றையும் அறுவைக்கு முன்பே கேட்டுவிடுங்கள். புகைபிடிப்பவரும் நீரிழிவு உள்ளவரும் அதை மறைக்காமல் சொல்ல வேண்டும், காயம் ஆறுவதும் எலும்பு கூடுவதும் இரண்டாலும் பாதிக்கப்படுகின்றன.

வீடு திரும்பியபின் எப்போது உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்?

காயத்தில் நீர் அல்லது சீழ் கசிந்தால், காய்ச்சலோடு முட்டி சிவந்து சூடேறினால், கெண்டைக்கால் வீங்கி வலித்தால், திடீர் மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் காத்திருக்கக் கூடாது. தவறி விழுந்தோ, எழும்போது “பட்” என்று ஒலி கேட்டோ, நேற்றுவரை நீட்டித் தூக்க முடிந்த காலை இன்று தூக்க முடியாமல் போனால் பொருத்தம் விட்டிருக்கலாம். பிரேஸை நேராகப் பூட்டிக்கொண்டு, மடக்கிப் பார்த்துச் சோதிக்காமல், அன்றே எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள்.